உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்ததும் ஆலய மணிகள் ஓய்ந்துவிடுகின்றன. அதன்பின் மரக்கட்டைகளின் வறண்ட ஓசை மட்டுமே நம்மை அழைக்கிறது. பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. சனிக்கிழமை பீடம் விரிப்பின்றி நிற்கிறது. நற்கருணைப் பேழை திறந்து கிடக்கிறது. அன்றிரவு புதுத் தீயின் ஒளியில் மணிகள் மீண்டும் முழங்க, ஞாயிறு விடிகிறது. இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆண்டுதோறும் உள்ளம் உருகிப் பங்கேற்பவை. ஆனால் அடுத்துவரும் திங்கள்கிழமையைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அது கறுப்பு எண். பள்ளிக்கூடம் உண்டு, அலுவலகம் உண்டு, சந்தை உண்டு. ஞாயிறன்று உடுத்திய புத்தாடை துவைப்பதற்காக ஊறிக்கொண்டிருக்கும்.

திருச்சபையின் வழிபாட்டு நாள்காட்டியோ வேறு கணக்குச் சொல்கிறது. 1969ஆம் ஆண்டு சீரமைக்கப்பட்ட வழிபாட்டு ஆண்டின் விதிகளின்படி, உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள்களும் ஆண்டவரின் பெருவிழாக்களாகக் கொண்டாடப்படுகின்றன. அதாவது, கையில் சோற்றுப் பாத்திரத்துடன் நாம் பேருந்துக்கு ஓடுகின்ற அந்தத் திங்களும் பெருவிழாவே. ஒரே நாளைப் பற்றி இரண்டு நாள்காட்டிகளும் இவ்வாறு முரண்படுவது எப்படி? இதற்கு விடை தேடினால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

முதல் சனியும் முதல் திங்களும்

நற்செய்தி நூல்களில் அந்த முதல் சனிக்கிழமை மிகக் குறைவாகவே இடம்பெறுகிறது. கல்லறைக்கு முத்திரையிட்டுக் காவல் வைத்த செய்தியை மத்தேயு தருகிறார். கலிலேயாவிலிருந்து இயேசுவோடு வந்திருந்த பெண்கள் நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்தபின் சட்டப்படி ஓய்ந்திருந்தனர் என்று லூக்கா எழுதுகிறார். அவ்வளவுதான். பேதுரு எங்கே அழுதுகொண்டிருந்தார், அன்னை மரியா யாருடன் இருந்தார் என்பதை எவரும் எழுதவில்லை.

திங்கள்கிழமையைப் பற்றியோ அந்தச் சில சொற்கள்கூட இல்லை. ஞாயிறு மாலை கதவுகள் அடைக்கப்பட்ட வீட்டில் ஆண்டவர் தோன்றியதைச் சொன்ன யோவான், அடுத்து எட்டு நாள் கழித்துத் தோமாவிடம் போய்விடுகிறார். இடைப்பட்ட நாள்களில் சீடர்கள் என்ன செய்தார்கள்? சமைத்திருப்பார்கள், உண்டிருப்பார்கள், கண்டதும் கேட்டதும் மெய்தானா என்று தங்களுக்குள் வாதாடியிருப்பார்கள். உயிர்த்தவர் அவர்களோடு இருந்த நாள்களை மட்டுமல்ல, அவரைக் காணாத இடைநாள்களையும் அவர்கள் வாழ்ந்தே தீரவேண்டியிருந்தது. அதே நற்செய்தியின் இறுதியில், திபேரியாக் கடலருகே பேதுரு மீன்பிடிக்கப் போவதாகச் சொல்ல, மற்றவர்களும் உடன் புறப்படுகிறார்கள். உயிர்ப்பைக் கண்ட கண்கள் மீண்டும் வலையைப் பார்க்கின்றன. இரவெல்லாம் வெறுங்கையோடு உழைத்தவர்களைக் கரையில் ஆண்டவர் எதிர்கொள்வதும் அந்த வேலைக்கு நடுவில்தான்.

ஓய்வில்லாத ஞாயிறு

இன்று நாம் திங்களை வேலைநாள் என்று நொந்துகொள்கிறோம். முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறே வேலைநாளாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் புகழ்ந்து பாடுவதைக் குறிப்பிடுகிறார். ஏன் விடியுமுன்? விடிந்தபின் அவர்களுள் பலருக்கு வேலை இருந்தது. அவர்களில் அடிமைகளும் இருந்தனர். தாம் விசாரணைக்கு உட்படுத்திய அடிமைப் பெண்கள் இருவரைப் பற்றி அக்கடிதமே சொல்கிறது. உயிர்ப்பின் மகிழ்ச்சியை இருளிலே பாடிவிட்டு, வெளிச்சத்தில் எசமானனின் வேலைக்குப் போன மக்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிக் கான்ஸ்டன்டைன் பேரரசர் சட்டம் பிறப்பித்தது 321இல்தான்.

ஆனால் அந்த மறைசாட்சிகளின் காலத்திலேயே, பாஸ்காவுக்கு முந்திய நாள்களின் அமைதி வேரூன்றிவிட்டது. அதன் முதல் வடிவம் நோன்பு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் ஆயர் புனித இரனேயு, பாஸ்கா நாள் குறித்து எழுந்த பிணக்கைத் தீர்க்கும்பொருட்டுத் திருத்தந்தை விக்டருக்கு எழுதிய கடிதத்தைச் சரித்திர ஆசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்திருக்கிறார். சிலர் ஒருநாள் நோன்பிருக்கின்றனர், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல், சிலர் நாற்பது மணி நேரம் என்று அதில் அவர் சொல்கிறார். வழக்கம் வேறுபட்டாலும் சமாதானம் குலையவில்லை என்பதே அவர் வாதம். நம்முடைய அமைதியான அந்த மூன்று நாள்களின் வித்து இந்த நாற்பது மணி நேரப் பசியிலே இருக்கிறது.

எட்டு நாள் வெள்ளை ஆடை

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், 381க்கும் 384க்கும் இடையே, எகேரியா என்னும் பெண் ஒருவர் மேற்றிசையிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் வந்தார். அவர் தம் சகோதரிகளுக்கு எழுதியனுப்பிய குறிப்புகள் நீண்ட காலம் மறைந்து கிடந்து, 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டன. புனித வாரத்தை நேரில் கண்ட ஒருவரின் விரிவான பதிவு அது. வெள்ளியன்று சிலுவை மரத்தை ஆயர் தம் கைகளால் பிடித்துக்கொண்டிருக்க, மக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து முத்தி செய்தனராம். திருத்தொண்டர்கள் சுற்றிக் காவல் நின்றனர். ஏனெனில் முன்னொரு காலத்தில் யாரோ முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டாராம்! நண்பகல் முதல் மூன்று மணி வரை பாடுகளின் வாசகங்களைக் கேட்டுச் சிறியோரும் பெரியோரும் அழுததையும் அவர் எழுதுகிறார். எல்லாவற்றிலும் பெரிய இரவாகிய பாஸ்கா திருவிழிப்பைப் பற்றி மட்டும் சில வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார். காரணம், அது தம் ஊரில் நடப்பதுபோலவே இங்கும் நடந்தது என்பதே. உலகின் இரு கோடிகளிலும் அந்த இரவு ஒன்றாகவே இருந்தது.

பின்வந்த நாள்களைப் பற்றிய அவர் குறிப்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் அந்த எட்டு நாளும் உயிர்ப்பின் ஆலயத்தில் ஒன்றுகூடினர். கதவுகளை அடைத்துவிட்டு, அவர்கள் பெற்றுக்கொண்ட மறைபொருள்களின் உட்பொருளை ஆயர் அவர்களுக்கு விளக்கினார். கேட்டவர்கள் எழுப்பிய மகிழ்ச்சி ஆரவாரம் ஆலயத்துக்கு வெளியிலும் கேட்டதாம். முதலில் அனுபவம், பின்பு விளக்கம். தண்ணீரில் இறங்கி ஏறியவனுக்குத்தான் தண்ணீரைப் பற்றிச் சொல்ல முடியும் என்று அக்காலத்து ஆயர்கள் கருதினர். இந்த விளக்கத்துக்கு நாள்கள் தேவைப்பட்டன, அதற்காகவே எண்கிழமை.

387ஆம் ஆண்டு ஏப்ரல் 24 இரவு விடிந்து 25 ஆகும் வேளையில், மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கைகளால் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். நாவன்மையைக் கற்பிக்கும் பேராசிரியர் பதவியை உதறிவிட்டு வந்தவர், வயது முப்பத்திரண்டு. அவரே அகுஸ்தீன். அவருடன் மகன் அதேயோதாத்தும் நண்பர் அலிப்பியுவும் அன்று திருமுழுக்குப் பெற்றனர். இன்றைய மிலான் பேராலயத்தின் அடியில் அந்தத் திருமுழுக்குத் தொட்டியின் எண்கோண அடித்தளத்தை அகழ்ந்தெடுத்திருக்கின்றனர். ஆலயத்தில் எழுந்த பாடல்களைக் கேட்டு அந்நாள்களில் தாம் கண்ணீர் பெருக்கியதை அகுஸ்தீன் பின்னாளில் எழுதினார். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், அவருக்காகப் பல்லாண்டு அழுது மன்றாடிய தாய் மோனிக்கா ஓஸ்தியா துறைமுகத்தில் கண்ணை மூடினார். பின்னர் ஹிப்போவின் ஆயரானபோது, எண்கிழமையின் ஒவ்வொரு நாளும் வெள்ளாடை அணிந்து எதிரே நின்ற புதுக் கிறிஸ்தவர்களுக்கு அவர் மறையுரையாற்றினார். வெள்ளாடையைக் களைந்தபின் கூட்டத்தில் கலந்து கெட்டுவிடாதீர்கள் என்பது அவருடைய ஓயாத கவலை. திங்கள்கிழமையின் ஆபத்தை அவர் அறிந்திருந்தார்.

அரசும் இந்த நாள்களுக்கு மதிப்பளித்தது. 389இல் தெயோதோசியு முதலிய பேரரசர்கள் வெளியிட்ட ஆணை, பாஸ்காவுக்கு முந்திய ஏழு நாளும் பிந்திய ஏழு நாளும் நீதிமன்றங்களுக்கு விடுமுறை என்று வகுத்தது. 585இல் பிரான்சு நாட்டின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள், பாஸ்காவின் ஆறு நாள்களில் எவரும் ஊழிய வேலை செய்யலாகாது என்று விதித்தனர். ஏர் ஓட்டும் அடிமைக்கும் அந்நாள்களில் முதுகு நிமிர வழி பிறந்தது.

இடம் மாறிய அமைதி

இடைக்காலத்தில் விடுமுறை மெல்லச் சுருங்கியது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கொன்ஸ்தான்சு நகரச் சங்கம் அதை மூன்று நாளாக்கியது. எனினும் திங்கள் தன் அழகை இழக்கவில்லை. எம்மாவு ஊருக்கு நடந்த இரு சீடரின் நற்செய்தியே அன்றைய திருப்பலி வாசகம். எனவே செருமானிய மொழி பேசும் நாடுகளில் மக்கள் குடும்பத்தோடு வயல்வெளிகளில் நடந்து செல்வதை வழக்கமாகக் கொண்டனர். எம்மாவு நடை என்றே அதற்குப் பெயர். இத்தாலியர் அந்நாளை வானதூதரின் திங்கள் என்று அழைத்து, உணவைக் கட்டிக்கொண்டு ஊர்ப்புறம் போகிறார்கள். போலந்தில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள்.

விடுமுறை இருந்தால் மட்டும் நாள் புனிதமாகிவிடாது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1282 மார்ச் 30, பாஸ்காவுக்கு அடுத்த திங்கள். சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கு வெளியே தூய ஆவி ஆலயத்தில் மாலைச் செபத்துக்குக் கூடிய மக்களுக்கும் ஆட்சி செய்த பிரெஞ்சுப் படைவீரருக்கும் இடையே மூண்ட சச்சரவு பெருங்கொலையில் முடிந்தது. அதிலிருந்து பிறந்த போர் இருபது ஆண்டு நீடித்தது. உயிர்ப்பைக் கொண்டாடி ஒரு நாள் முடியுமுன் செபமணியின் ஓசையோடு கத்தியின் ஓசையும் கலந்தது.

இதற்கிடையே, யாரும் திட்டமிடாத இழப்பு ஒன்றும் நேர்ந்தது. சேவல் கூவும் நேரத்தில் முடிந்த பாஸ்கா திருவிழிப்பு, நூற்றாண்டு நூற்றாண்டாக முன்னே நகர்ந்து, சனி மாலைக்கும், பின் பிற்பகலுக்கும், இறுதியில் சனிக்கிழமை காலைக்குமே வந்துவிட்டது. குழந்தைத் திருமுழுக்கு பொதுவானபின் இரவெல்லாம் காத்திருந்து தொட்டியில் இறங்கும் வயதுவந்தோர் அருகினர். நற்கருணைக்கு முன் நோன்பிருந்தோர்க்கு இரவுவரை காத்திருப்பது பாரமாயிற்று. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் பிற்பகல் திருப்பலிகளைத் தடைசெய்தபோது காலை நேரமே நிலைபெற்றது. அதனால் விளைந்த முரணை எண்ணிப் பாருங்கள்: இருளை ஓட்டும் அந்த இரவைப் போற்றும் பாஸ்கா புகழுரையைத் திருத்தொண்டர், சாளரங்களின் வழியே வெயில் கொட்டும் காலை வேளையில், ஏறத்தாழ வெறுமையான ஆலயத்தில் பாடினார். கல்லறையின் அமைதிக்குரிய சனிக்கிழமை பாதியாகக் குறுகியது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் தவக்கால நோன்பு சனி நண்பகலோடு முடிவதாகவே விதித்திருந்தது.

1642இல் எட்டாம் உர்பான் திருத்தந்தை கடன் திருநாள்களின் பட்டியலை ஒழுங்குபடுத்தினார். பாஸ்காவுக்கு அடுத்த திங்களும் செவ்வாயும் கடன் திருநாள்களாக நீடித்தன. ஆனால் பெரிய வியாழனும் வெள்ளியும் சனியும் வேலைநாள்களாயின. உழைக்கும் மக்கள் ஆண்டவரின் பாடுகளுக்கு வர இயலாமல், திங்கள்கிழமை வந்து கடனைத் தீர்க்கும் நிலை உண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் தராசின் தட்டுகள் இடம் மாறின. 1911இல் பத்தாம் பத்திநாதர் கடன் திருநாள்களை எட்டாகக் குறைத்தபோது பாஸ்கா திங்கள் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. 1951 பிப்ரவரி 9 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் திருவிழிப்பை மீண்டும் இரவில் நடத்த அனுமதி அளித்தார். 1955 நவம்பர் 16இல் வெளியான ஆணை புனித வாரம் முழுவதையும் சீரமைத்தது. 1956ஆம் ஆண்டுக் குருத்து ஞாயிறு முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டில்தான் சனிக்கிழமை தன் முழு அமைதியைத் திரும்பப் பெற்றது. அதன்பின் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக, நம் தாய்மொழியிலேயே அப்புகழுரையைக் கேட்கும் பேறும் வாய்த்தது. இன்று நாம் தொன்மை மரபு என்று மதிக்கும் அந்த இரவு வழிபாடு, உண்மையில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வாழ்ந்த காலத்தில் மீட்கப்பட்ட செல்வம்.

ஆக, சனியின் அமைதி நமக்குத் திரும்பக் கிடைத்தது. திங்களின் கடமை நம்மைவிட்டு நீங்கியது. சில நாடுகளில் அரசுகள் அந்த நாளை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டமும் பிரான்சில் 1886ஆம் ஆண்டின் சட்டமும் அதைப் பொது விடுமுறையாக்கின. பாரத நாட்டில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை, திங்கள் அப்படியன்று.

சில திங்கள்கிழமைகள்

நம் காலத்துத் திங்கள்கள் சிலவற்றை மறக்க இயலாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், தங்கும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் திங்கள், மருத்துவமனை வாசல்களிலும் பிணவறை வாசல்களிலும் உறவினரைத் தேடி நின்ற மக்களின் நாள். அடுத்த ஞாயிறு மக்கள் கூடும் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மால்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீடுகளில் தொலைக்காட்சியில் கண்டனர். ஞாயிறு சவக்குழியாகி, அதன் பின்னர் வந்த வாரமெல்லாம் பெரிய சனியாக நீண்டது.

2020 ஏப்ரல் 12இல் வந்த பாஸ்கா மிகவும் அமைதியானது. யாரும் விரும்பாத அமைதி. கொள்ளைநோயின் பொருட்டு நம் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. உரோமையிலும் திருத்தந்தை பிரான்சிஸ் ஏறத்தாழ ஆளில்லாத பேராலயத்தில் வழிபாட்டை நடத்தினார். ஞாயிறுக்கும் திங்களுக்கும் வேறுபாடே தெரியாத அந்நாள்களில், கதவுகளை அடைத்துக்கொண்டு மேலறையில் இருந்த சீடர்களின் நிலை நமக்குக் கொஞ்சம் புரிந்தது.

பின்னர் 2025. ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறன்று, நோயால் நலிந்திருந்த அதே பிரான்சிஸ் பேராலய மாடத்தில் தோன்றி, தளர்ந்த குரலில் வாழ்த்தி, ஊருக்கும் உலகுக்கும் ஆசி வழங்கினார். அவருடைய செய்தியை வேறொருவர் வாசித்தார். பின்பு வண்டியில் அமர்ந்து சதுக்கத்தில் மக்களிடையே வலம் வந்தார். மறுநாள் திங்கள் காலை 7.35 மணிக்கு, தாம் வாழ்ந்த புனித மார்த்தா இல்லத்தில், 88ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். திருவிழா முடிந்து, விருந்தினர் சென்று, வேலை தொடங்கும் நேரத்தில் அந்தச் செய்தி நம்மை வந்தடைந்தது.

கலிலேயாவுக்குப் போகும் வழி

இன்றைய வாசக ஒழுங்கின்படி பாஸ்கா திங்களுக்குரிய நற்செய்தி, மத்தேயு 28ஆம் அதிகாரத்தின் 8 முதல் 15 வரையுள்ள வசனங்கள். அதில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. அச்சமும் பெருமகிழ்ச்சியும் கலந்தவர்களாய்ப் பெண்கள் சீடரிடம் ஓடுகிறார்கள். காவல் வீரரோ தலைமைக் குருக்களிடம் போய்ப் பணம் பெற்றுக்கொண்டு பொய் சொல்ல இசைகிறார்கள். ஒரே காலைப்பொழுதில், ஒரே கல்லறையிலிருந்து புறப்பட்ட இரண்டு செய்திகள். அலுவலகத்திலும் அங்காடியிலும் திங்கள்தோறும் நம்முன் நிற்கும் தெரிவும் இதுவே அன்றோ? கண்ட உண்மையைச் சொல்வதா, கையில் வைத்த காசுக்கு வாயடைத்துப் போவதா என்பது பீடத்தின்முன் எழும் கேள்வியன்று. கணக்குப் புத்தகத்தின் முன்னும் தராசின் முன்னும் எழும் கேள்வி.

அப்பெண்கள் வழியாக ஆண்டவர் தம் சகோதரருக்குச் சொல்லியனுப்பியது, கலிலேயாவுக்குப் போக வேண்டும், அங்கே தம்மைக் காண்பார்கள் என்பதே. கலிலேயா என்பது என்ன? எருசலேமைப்போல் ஆலயமும் திருவிழாவும் உள்ள நகரன்று. அது அவர்கள் பிறந்து வளர்ந்து வலை வீசிய இடம். மனைவி மக்களும் கடனும் ஓட்டைப் படகும் காத்திருந்த இடம். 2014ஆம் ஆண்டுப் பாஸ்கா இரவில் பிரான்சிஸ் ஆற்றிய மறையுரையின் மையக்கருத்தும் இந்தக் கலிலேயாவே.

நம் கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று மீனவர் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் திங்கள் விடியுமுன் மீண்டும் இறங்குகின்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாஸ்கா தாமதித்து வரும் ஆண்டுகளில் அப்படகுகள் கரையில் நிற்க, வலை பின்னுவதும் பழுது பார்ப்பதுமாகத் திங்கள் கழிகிறது. அங்கும் ஆண்டவர் வருவார். விடுமுறை தரப்படாத நாட்டில் வாழும் நாம் எதையோ இழந்தவர்கள் என்று எண்ண வேண்டுவதில்லை. பிளினியின் காலத்து அடிமைப் பெண்களைப்போல், பேதுருவைப்போல், நாமும் பாடிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலைத் திருப்பலிக்குப் போக இயன்றவர்கள் அந்த எட்டு நாளில் ஒரு நாளேனும் போகலாம். இயலாதவர்கள், வேலைக்குப் புறப்படுமுன் வாசற்படியில் நின்று ஒருமுறை அல்லேலூயா சொல்லிவிட்டுப் போகலாம்; அந்தத் திங்கள் பெருவிழாவாவதற்கு அதுவே போதும்.